கடற்கரை டிடெக்டிங்குக்கு மணல் ஸ்கூப்: வாங்குவதா, செய்துகொள்வதா?

ஈஸ்ட்ஹாம்_வாசி எழுதியது:

வணக்கம் அண்ணாமார், அக்காமார். லண்டனில் இருக்கிறேன். போன வருடக் கடைசியில் நொக்டா லெஜண்ட் என்ற மெட்டல் டிடெக்டர் வாங்கினேன். வயல்களில் தேட விவசாயிகளிடம் அனுமதி கேட்டு அலைவது கஷ்டமாக இருப்பதால் கடற்கரைப் பக்கமே போகிறேன், பெரும்பாலும் மார்கேட், கிளாக்டன். டிடெக்டரில் எனக்குக் குறையே இல்லை, ஈர மணலிலும் நன்றாகவே சத்தம் கொடுக்கிறது. பிரச்சினை எல்லாம் தோண்டுவதில்தான்.

முதலில் வாங்கியது ஒரு பிளாஸ்டிக் கை ஸ்கூப், மணலை வாரிச் சலிக்க ஓட்டை போட்ட கூடை. காய்ந்த மணலில் அருமையாக இருந்தது, ஆனால் கடல் வற்றிய பிறகு கீழே இறுகிக் கிடக்கும் மணலில் அழுத்திக் குத்தியதும் கைப்பிடியும் கூடையும் சேரும் இடத்தில் வெடித்துவிட்டது. இப்போது தோட்டத்துக்கு வைத்திருந்த சின்ன மண்வாரியை எடுத்துப் போகிறேன். குழி வெட்டுகிறேன், அதில் உடனே தண்ணீர் நிறைகிறது, பொருள் நழுவிக்கொண்டே கீழே போகிறது, முட்டுக்காலில் உட்கார்ந்து கையால் துழாவி எடுப்பதற்குள் அரை மணி நேரம் போய்விடுகிறது, முதுகும் போய்விடுகிறது.

நீண்ட கைப்பிடி வைத்த எவர்சில்வர் ஸ்கூப் வாங்கலாமா என்று பார்த்தால் விலை வித்தியாசம் தலை சுற்றுகிறது. பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டில் ஒன்று மற்றதைப் போல மூன்று மடங்கு விலை. எதற்காக அந்தக் காசு என்று புரியவில்லை. என் மச்சானுக்கு வெல்டிங் தெரியும், செய்து தருகிறேன் என்கிறார். எந்த அளவு, எத்தனை மில்லிமீட்டர் ஓட்டை, என்ன தகடு என்று அவரிடம் சொல்ல எனக்குத் தெரிய வேண்டும். இப்போதைக்குத் தண்ணீருக்குள் முழங்காலுக்கு மேல் இறங்கும் எண்ணம் இல்லை.

நெய்தல்கரை எழுதியது:

தம்பி, கென்ட் கரையில்தான் நானும் தேடுகிறேன், அதனால் உங்கள் மணல் எனக்குத் தெரியும். வாங்குவதோ செய்வதோ பிறகு பார்க்கலாம், முதலில் அளவு விஷயத்தில் தெளிவாகுங்கள், ஏனென்றால் புதிதாக வருகிற எல்லோரும் பெரிய கூடையைத்தான் ஆசைப்பட்டு வாங்குகிறார்கள். பெரியதாக இருந்தால் ஒரே வாரலில் பொருள் வந்துவிடும் என்ற கணக்கு. ஈர மணல் ஒரு லிட்டர் ஏறத்தாழ 2 கிலோ இருக்கும். 15 செ.மீ. விட்டமும் 25 செ.மீ. நீளமும் உள்ள கூடையில் நாலரை லிட்டர் கொள்ளும், அதாவது 9 கிலோ மணல். அதே நீளத்தில் விட்டத்தை 20 செ.மீ. ஆக்கினால் கிட்டத்தட்ட 8 லிட்டர், 16 கிலோ. ஐந்து சென்டிமீட்டர் கூட்டியதற்குச் சுமை இரட்டிப்புக்குப் பக்கத்தில் போய்விடுகிறது, இதில் ஸ்கூப்பின் சொந்த எடை இன்னும் சேரவில்லை. ஒரு நாளில் இதை எத்தனை தடவை தூக்கி உதற வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். முதுகுவலி இருக்கிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். 15 போதும், மிஞ்சினால் 16.

பெரிய கூடை உதவும் இடம் ஒன்று உண்டு, மார்பளவு தண்ணீரில் நின்று தேடுபவர்களுக்கு. அங்கே மணலைத் தண்ணீரே தாங்குகிறது, அலை வந்து தானே கழுவிவிடுகிறது, பொருள் எங்கே என்று கண்ணால் பார்க்கவும் முடியாது, அதனால் அகலமாக வாரினால்தான் சிக்கும். நீங்கள் அங்கே போகவில்லை.

இரண்டாவது, உதடு. கூடையின் முன் விளிம்பைச் சொல்கிறேன். மலிவான ஸ்கூப்களில் ஓட்டை போட்ட அதே மெல்லிய தகட்டையே விளிம்பாக விட்டிருப்பார்கள், சில சமயம் விளிம்பில் பாதி ஓட்டையாகவே வெட்டுப்பட்டிருக்கும். நாலு கல்லில் பட்டதும் சுருண்டுவிடும். நல்ல ஸ்கூப்பில் ஓட்டையில்லாத தடித்த பட்டை ஒன்றைத் தனியாக வைத்துப் பற்றவைத்திருப்பார்கள். மூன்று மடங்கு விலை என்று கேட்டீர்களே, பாதிக் காசு இந்த உதட்டுக்கும் கைப்பிடி சேரும் இடத்துக்கும்தான். அங்கே என்ன தடிமன், எத்தனை இடத்தில் பிடித்திருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள், பளபளப்பைப் பார்க்க வேண்டாம்.

மூன்றாவது, மிதிக்கும் தகடு. கூடையின் பின்புறம் காலை வைத்து அழுத்த ஒரு பட்டை கட்டாயம் இருக்க வேண்டும். இறுகிய மணலில் கைப்பலம் வேலைக்கு ஆகாது, உடம்பு எடைதான் இறங்க வேண்டும். அதற்காகத் தடித்த அடிப்பாகம் உள்ள பூட்ஸ் போடுங்கள், ஆனால் முன்பக்கம் இரும்புக் கவசம் வைத்த வேலைப் பூட்ஸ் வேண்டாம், டிடெக்டரின் காயில், அதாவது தரைக்கு மேல் வீசும் தட்டு, காலுக்குப் பக்கத்தில் வரும்போதெல்லாம் சத்தம் போடும்.

அப்புறம் எடுக்கும் விதம். சத்தம் உச்சமாக வரும் புள்ளியிலேயே குத்தாதீர்கள், அதற்கு ஒரு சாண் பின்னால் உதட்டை வைத்து மிதித்து, கூடை பொருளுக்கு அடியில் போகும்படி இறக்கி, கைப்பிடியைப் பின்னால் சாய்த்துத் தூக்குங்கள். முதல் வாரலை ஓரமாகக் கொட்டி, குழியையும் குவியலையும் மாறி மாறி டிடெக்டரால் பாருங்கள். குவியலில் சத்தம் வந்துவிட்டால் அதை மட்டும் தண்ணீர் ஓரத்தில் கொண்டுபோய் அலசினால் போதும். தண்ணீர் ஊறும் குழியில் பொருள் கீழே ஓடுகிறது என்றீர்களே, சின்னச் சின்னதாகக் கிளறுவதால்தான் அது நடக்கிறது. கிளறாமல் ஒரே வாரலில் ஆழமாக எடுத்துவிட்டால் ஓட நேரம் இருக்காது.

ஆர்கான்_பட்டறை எழுதியது:

தகடு வேலையில்தான் பிழைப்பு, முதலில் கோயம்புத்தூரில், இப்போது லெஸ்டரில். நண்பர்களுக்காக இந்த ஸ்கூப்கள் செய்திருக்கிறேன், அதனால் மச்சானிடம் சொல்ல வேண்டியதை நான் சொல்கிறேன்.

தகடு: எஸ்.எஸ்., அதாவது எவர்சில்வர், 304 வகை ஓட்டைத் தகடு, 2 மி.மீ. தடிமன். ஓட்டை 10 மி.மீ., ஓட்டைக்கு ஓட்டை நடுவிலிருந்து நடுவுக்கு 15 மி.மீ., வரிசை மாற்றி மாற்றி. இது கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் அளவு, தனியாகச் சொல்லிச் செய்ய வேண்டியதில்லை. இந்தக் கணக்கில் தகட்டின் 40 சதவீதப் பரப்பு ஓட்டையாகவே இருக்கும், எடையும் அதே அளவு குறையும், மணலும் சீக்கிரம் இறங்கும். 1.5 மி.மீ. தகட்டிலும் செய்யலாம், கல் இல்லாத கரைக்கு அது தாங்கும், உங்கள் கரைகளில் கல் உண்டு என்பதால் 2 என்கிறேன். வெறும் தகட்டை வாங்கி நானே டிரில் போடுகிறேன் என்று மச்சான் சொன்னால் தடுத்துவிடுங்கள். எவர்சில்வரில் வேகமாக டிரில் ஓட்டினால் அந்த இடம் சூடாகி இறுகிக்கொள்ளும், பிறகு எந்த பிட்டும் உள்ளே போகாது. மெதுவான வேகம், கோபால்ட் பிட், கட்டிங் ஆயில், விடாத அழுத்தம், இதெல்லாம் ஒன்றிரண்டு போல்ட் ஓட்டைக்குச் சரி, நூற்றுக்கணக்கில் போட மனிதனால் முடியாது.

உதடு: ஓட்டையில்லாத 3 மி.மீ. எஸ்.எஸ். பட்டை, நாலிலிருந்து ஐந்து செ.மீ. அகலம், கூடையின் அடிப்பக்க வளைவுக்கு வளைத்து, முனையை நடுவில் சற்று நீட்டி விடுங்கள். கத்தி மாதிரி தீட்ட வேண்டாம், குழந்தைகள் வெறுங்காலோடு ஓடும் இடத்துக்குக் கொண்டுபோகிறோம். பல் வெட்டியும் செய்கிறார்கள், சிப்பியும் களிமண்ணும் கலந்த இடத்தில் அது நன்றாக இறங்கும், வெறும் மணலுக்குத் தேவையில்லை.

கைப்பிடி: இதில்தான் வீட்டில் செய்யும் ஸ்கூப்கள் தோற்கின்றன. குழாயைக் கூடையின் பின் தகட்டில் மட்டும் ஒட்டவைத்தால் நெம்பும்போது அந்தத் தகடே கிழிந்துவிடும். ஒன்றரை மீட்டர் நீளத்தில் ஒரு முனையைப் பிடித்து இழுக்கிறீர்கள், மறுமுனையில் என்ன விசை விழும் என்று மச்சானுக்குத் தெரியும். கைப்பிடியை இரண்டு இடத்தில் பிடிக்க வேண்டும், பின் தகட்டில் ஒன்று, கூடையின் மேல் விளிம்பிலிருந்து சாய்வாக வரும் தாங்கி ஒன்று. நேராக நின்று பிடிக்கும்போது கூடை மணலில் ஏறத்தாழ 60 பாகைச் சாய்வில் இறங்கும்படி வைத்துப் பாருங்கள், இறுதியாகப் பற்றவைப்பதற்கு முன்னால் இரண்டு புள்ளி மட்டும் வைத்துப் பிடித்துக்கொண்டு தோட்டத்தில் குத்திப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஒவ்வொருவர் உயரத்துக்கும் அது மாறும்.

வெல்டிங் ஆர்கான் வாயு வைத்துச் செய்வதுதான், எஸ்.எஸ். கம்பியே போட வேண்டும். சாதாரண இரும்புத் துண்டு எதையும் இதில் சேர்க்காதீர்கள், இரும்புக்கு ஓட்டிய கிரைண்டர் சக்கரத்தைக்கூட இதில் தொடவிடாதீர்கள், அந்தத் துகள் ஒட்டி அங்கேயே துரு பிடிக்கும். பிறகு எஸ்.எஸ். துருப்பிடித்துவிட்டது என்று தகட்டைக் குறை சொல்வார்கள்.

ஜி.ஐ. தகடு, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு, மலிவு என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். மணல் உரசி உரசித் துத்தநாகப் பூச்சு போனதும் உப்புத் தண்ணீரில் சீக்கிரம் துரு பிடிக்கும், அதைவிட முக்கியம், பூச்சோடு பற்றவைத்தால் வரும் துத்தநாகப் புகையை மூச்சில் இழுத்தால் காய்ச்சல் வந்து படுக்க வைத்துவிடும்.

ஈஸ்ட்ஹாம்_வாசி எழுதியது:

அக்கா, அண்ணா, இரண்டு பேருக்கும் நன்றி, இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. அண்ணாவிடம் இரண்டு கேள்வி. 316 என்று ஒரு வகை கடலுக்கு என்றே விற்கிறார்கள், அதற்குக் கூடக் காசு கொடுக்கலாமா? கடையில் காந்தம் வைத்துப் பார்த்தால் நல்ல எஸ்.எஸ். தானா என்று தெரிந்துவிடுமா? இன்னொன்று எல்லோருக்கும்: பிரைட்டனுக்கும் ஒரு நாள் போகலாம் என்று இருக்கிறேன், அங்கே இதே ஸ்கூப் ஒத்துவருமா?

சின்னத்தங்கம் எழுதியது:

பிரைட்டன் முழுக்கக் கூழாங்கல். 10 மி.மீ. ஓட்டையில் அந்தக் கல் இறங்கவே இறங்காது, கூடை நிறையக் கல்லைச் சுமந்துகொண்டு ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டியதுதான். அங்கே குறுகிய உறுதியான மண்வாரியும் கையுறையும்தான் உதவும். நல்ல வற்றத்தில் கல் முடிந்து மணல் வெளியே தெரியும் பட்டை வரும், அங்கே மட்டும் ஸ்கூப்பை எடுங்கள்.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. 10 மி.மீ. ஓட்டையை எல்லோரும் ஒரே பதிலாகச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. நாணயத்துக்கு அது தாராளமாகப் போதும். இந்த நாட்டில் புழங்கும் நாணயங்களில் மிகச் சின்னது 5 பென்ஸ், அதுவே 18 மி.மீ., வட்ட ஓட்டை 12 மி.மீ. இருந்தாலும் விழாது. மோதிரமும் விழாது. ஆனால் கடற்கரையில் தொலையும் தங்கம் எல்லாம் மோதிரமா? காதுத் தோடு, மூக்குத்தி, அறுந்த சங்கிலித் துண்டு, தோட்டின் திருகாணி, இவையெல்லாம் 10 மி.மீ. வழியாகச் சத்தமில்லாமல் மணலோடு இறங்கிவிடும். டிடெக்டர் சத்தம் கொடுத்தது, வாரினோம், உதறினோம், கூடையில் ஒன்றும் இல்லை, குழியிலும் இல்லை என்று ஆட்கள் குழம்புவதற்குப் பாதிக் காரணம் இதுதான். மெல்லிய சங்கிலி பெரும்பாலான டிடெக்டர்களில் சரியாகவே கேட்காது, எப்போதாவது கேட்கிற ஒன்றையும் ஓட்டையில் விடுவானேன்?

நான் 7 மி.மீ. வைத்திருக்கிறேன். ஈர மணல் இறங்க நேரமாகும், அது உண்மை, தண்ணீரில் வைத்து அலசினால்தான் போகும். பொறுமை இருந்தால் அதுதான் சரி என்பது என் கருத்து. பொறுமை இல்லாதவர்கள் 10 வைத்துக்கொண்டு, சத்தம் சின்னதாகவும் கூர்மையாகவும் வந்தால் மட்டும் உதறாமல் மணலைத் தரையில் மெல்லியதாகப் பரப்பி, பின்பாயிண்டரால் (கையில் பிடிக்கும் சின்ன டிடெக்டர்) தேடுங்கள்.

நீள ஓட்டை, பிளவு மாதிரி வெட்டிய ஓட்டை உள்ள ஸ்கூப்களும் வருகின்றன, மணல் வேகமாக இறங்கும் என்று விளம்பரம். அவற்றில் கவனம். 20 மி.மீ. நீளமும் 6 மி.மீ. அகலமும் உள்ள பிளவில் 5 பென்ஸ் நாணயம் பக்கவாட்டில் திரும்பினால் போய்விடும், அதன் தடிமன் 2 மி.மீ.கூட இல்லை.

இன்னொன்று, வெடித்துப்போன பிளாஸ்டிக் ஸ்கூப்பை நினைத்து பிளாஸ்டிக்கையே ஒதுக்கிவிடாதீர்கள். காய்ந்த மணலில் அதற்கு நிகர் இல்லை. உலோகம் இல்லாததால் ஸ்கூப்பை மணலோடு காயில் முன்னாலேயே ஆட்டிப் பார்க்கலாம், பொருள் உள்ளே வந்ததா என்று உடனே தெரியும். எவர்சில்வர் ஸ்கூப்பைக் காயில் பக்கம் கொண்டுபோகவே முடியாது, ஒவ்வொரு தடவையும் இரண்டு எட்டு தள்ளி வைத்துவிட்டுத்தான் குழியைப் பார்க்க வேண்டும். என் பிள்ளைகளுக்கு 110 மி.மீ. கழிவுநீர்க் குழாய்த் துண்டில் செய்து கொடுத்தேன். ஒரு முனையைச் சாய்வாக வெட்டி, மறு முனைக்கு மூடி போட்டு, அடியிலும் மூடியிலும் ஓட்டை போட்டு, மேலே மரப்பிடி. வெயில் காலத்தில் மக்கள் துண்டு விரித்துப் படுக்கும் மேல் மணலுக்கு அது அருமையான கருவி.

ஆர்கான்_பட்டறை எழுதியது:

சின்னத்தங்கம் சொல்வது நியாயம். ஓட்டை அளவை அவரவர் தேடும் பொருளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் 8 மி.மீ. தகடும் கிடைக்கிறது. பக்கத் தகடு 10, அடித் தகடு 8 என்று கலந்தும் செய்யலாம், உதறும்போது பொருள் அடியில்தான் தங்கும்.

316 பற்றி: அதில் மாலிப்டினம் 2 முதல் 3 சதவீதம் கலந்திருப்பதால் உப்பைக் கூடுதலாகத் தாங்கும். கடலிலேயே கட்டிக்கிடக்கும் படகு உறுப்புக்கு அது வேண்டும். வேலை முடிந்து நல்ல தண்ணீரில் அலசி வீட்டில் வைக்கும் ஸ்கூப்புக்கு 304 போதும். பழுப்பாகக் கறை படியும், வெல்டிங் ஓரத்தில் முதலில் வரும், தேய்த்தால் போகும், பலம் குறையாது. அந்தக் காசை உதட்டின் தடிமனில் போடுங்கள்.

காந்தச் சோதனையை முழுதாக நம்ப வேண்டாம். 304 தகடு தட்டையாக இருக்கும்போது காந்தம் ஒட்டாது, ஆனால் குத்தி ஓட்டை போட்ட ஓரத்திலும் வளைத்த இடத்திலும் லேசாக ஒட்டும், அது கலப்படம் இல்லை, தகட்டின் இயல்பே அப்படி. எல்லா இடத்திலும் பலமாக இழுத்துக்கொண்டால் சந்தேகப்படுங்கள்.

கைப்பிடிக்கு ஒரு எச்சரிக்கை விட்டுப்போய்விட்டது. எடை குறையட்டும் என்று அலுமினியக் குழாயை எஸ்.எஸ். கூடையில் போல்ட் போட்டு மாட்டுகிறார்கள். இரண்டு உலோகத்துக்கும் நடுவே உப்புத் தண்ணீர் நின்றால் அலுமினியம் அரிக்கப்பட்டு வெள்ளைத் தூளாகும், வெளியே நன்றாகத் தெரியும் குழாய் உள்ளே தின்னப்பட்டிருக்கும், ஒரு நாள் போல்ட் ஓட்டையில் முறியும். கூடையில் எஸ்.எஸ். குழாய்த் துண்டு ஒன்றைப் பற்றவைத்து அதற்குள் ஆஷ் மரக் கைப்பிடியைச் செருகி ஒரே போல்ட்டில் நிறுத்துங்கள். தோட்டக் கருவிகள் விற்கும் கடையில் மண்வாரிக்கு மாற்றுப் பிடி என்று கேட்டால் கிடைக்கும். முறிந்தால் மாற்றுவதும் சுலபம், மழைக்காலத்தில் கையும் விறைக்காது. கார்பன் ஃபைபர் இன்னும் லேசு, காசு இருந்தால் அதுவும் நல்லதே.

கரையோரக்_காவல் எழுதியது:

ஸ்கூப் விஷயம் எல்லாம் சொல்லியாகிவிட்டது, நான் குழி விஷயம் சொல்கிறேன். நீண்ட கைப்பிடி ஸ்கூப் கையில் வந்ததும் ஒரு அடி ஆழக் குழி சர்வசாதாரணமாக விழும். ஒவ்வொன்றையும் மூடிவிட்டு நகருங்கள். விடியற்காலையில் மார்கேட் பக்கம் ஓடுபவர்கள், நாயோடு வருபவர்கள், முதியவர்கள் எல்லோரும் அந்த மணலில்தான் நடக்கிறார்கள், ஒருவர் கால் பிசகினால் நகராட்சி எல்லோருக்கும் தடை போடும். உள்ளே கிடைத்த குப்பையையும் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள், கேன் மூடியைத் திருப்பிப் புதைத்தால் அடுத்தவர் அதையே தோண்டுவார்.

எங்கே தோண்டலாம் என்பதும் முக்கியம். இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றிலும் ஏற்ற நீர்க்கோட்டுக்கும் வற்ற நீர்க்கோட்டுக்கும் இடைப்பட்ட கரையில் ஏறத்தாழ பாதி, அரச நிலங்களை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட்டுக்குச் சொந்தம், குத்தகைக்கு விடாத பகுதிகளில் அவர்களின் நிபந்தனைகளுக்கு உட்பட்டுத் தேடலாம், தனி அனுமதிச் சீட்டு வேண்டாம். மீதி நகராட்சி, தனியார், அறக்கட்டளைகள் கையில் இருக்கிறது, அங்கே கேட்டுத்தான் போக வேண்டும். மேலே உள்ள காய்ந்த மணல் பெரும்பாலும் வேறு ஆளுடையது என்பதை மறக்காதீர்கள். மணல் மேடுகள் பாதுகாக்கப்பட்ட பகுதியாக இருக்கலாம், அங்கே ஸ்கூப்பே எடுக்கக் கூடாது. லண்டன் தேம்ஸ் கரையில் லண்டன் துறைமுக ஆணையத்தின் அனுமதி இல்லாமல் தேடவே கூடாது, கண்ணால் தேடுவதற்கும் அதே விதிதான்.

கிடைத்த மோதிரம் உங்களுடையது ஆகிவிடாது, உரியவரைத் தேட நியாயமான முயற்சி எடுக்க வேண்டும், எடுக்காமல் வைத்துக்கொண்டால் சட்டப்படி திருட்டாகலாம். உள்ளே பெயரோ தேதியோ பொறித்திருந்தால் உள்ளூர் முகநூல் குழுக்களில் போடுங்கள், ஆனால் பொறித்ததை வெளியிடாதீர்கள், அதைச் சரியாகச் சொல்பவரிடம் கொடுங்கள். கப்பல் உடைவிலிருந்து வந்த பொருள் என்றால் 28 நாளுக்குள் அதற்கான அரசு அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேல் இது: போர்க்காலக் குண்டுகள் இந்தக் கரைகளில் இன்னும் வெளிவருகின்றன. ஸ்கூப்பில் உருளையாக, கனமாக, துருப்பிடித்த ஏதாவது தட்டுப்பட்டால் நெம்பாதீர்கள், உதறாதீர்கள், மிதித்தகட்டில் இன்னொரு மிதி மிதிக்காதீர்கள். அப்படியே விட்டுவிட்டுத் தள்ளிப் போய் 999 அழைத்து கடலோரக் காவல் படையைக் கேளுங்கள்.

ஈஸ்ட்ஹாம்_வாசி எழுதியது:

எல்லாம் மச்சானுக்கு அனுப்பிவிட்டேன். 15 செ.மீ. விட்டம், அடியில் 8 மி.மீ., பக்கத்தில் 10, ஆஷ் பிடி. அண்ணா, பிடியின் நீளம் எவ்வளவு வைக்க? என் உயரம் ஐந்தடி பத்து.

ஆர்கான்_பட்டறை எழுதியது:

நீளமாக வாங்கி வெட்டுங்கள், குறைவாக வாங்கி ஒட்ட முடியாது. கூடையைத் தரையில் நிறுத்தி வைத்தால் பிடியின் நுனி உங்கள் மார்புக்குச் சற்றுக் கீழே வரட்டும். அதைவிட நீண்டால் தூக்கும்போது கீழ்க்கை எங்கே பிடிப்பது என்று தடுமாறுவீர்கள், குறைந்தால் குனிய வேண்டிவரும். வெட்டியதும் நுனியில் ஆளி விதை எண்ணெய் இரண்டு பூச்சு கொடுங்கள், செருகும் முனையிலும் கொடுங்கள், உப்புத் தண்ணீர் மரத்துக்குள் ஏறாமல் இருக்கும். போல்ட்டை வருடத்துக்கு ஒரு தடவையாவது கழற்றிப் பாருங்கள்.

நெய்தல்கரை எழுதியது:

தம்பி, பிடியின் நடுவில் சைக்கிள் கைப்பிடி நாடா கொஞ்சம் சுற்றிக்கொள்ளுங்கள், ஈரக் கையில் வழுக்காது. ஸ்கூப் தயாரானதும் முதலில் கிளாக்டன் போங்கள், அங்கே மணல் இளகியிருக்கும், மிதிக்கும் கோணம் பழகுவதற்கு நல்லது. போகும் முன் வற்ற நேரத்தைப் பார்த்து, வற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே இறங்கி, கடலைப் பின்தொடர்ந்து கீழே போய், அது திரும்பியதும் நீங்களும் திரும்பிவிடுங்கள்.